"நாற்பதாயிரம் தருகிறேன், கையெழுத்துப் போடுங்கள்" என்கிறார் வேன் ஓனர். போடலாமா?

கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன், புதிதாகப் படிக்கிறவர்களுக்கும் புரியும். தம்பிக்கு 29 வயது, டைல்ஸ் ஒட்டும் வேலை. சாயங்காலம் வேலை முடிந்து பைக்கில் வரும்போது பக்கத்துத் தெருவிலிருந்து வந்த லோடு வேன் இடித்துவிட்டது. வலது தொடை எலும்பிலும் முட்டியிலும் முறிவு, பிளேட் வைத்திருக்கிறார்கள். இரண்டு மாதம் ஆகிறது. ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரை வாங்கிக்கொண்டதற்கான சீட்டு) மட்டும் கொடுத்தார்கள், எஃப்.ஐ.ஆர். இன்னும் போடவில்லை. வேன் ஓனர் 40,000 ரூபாயும் ஒரு முத்திரைத்தாளும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து போகிறார். சம்பள ரசீது கிடையாது, தம்பியின் லைசென்ஸும் காலாவதி. அக்கா கேட்கிறார்: கையெழுத்துப் போட்டுவிடலாமா, இல்லை கேஸ் போட்டால் ஏதாவது கிடைக்குமா?

போடாதீர்கள். அந்த முத்திரைத்தாளில் வழக்கமாக என்ன எழுதியிருக்கும் என்று எனக்குத் தெரியும்: "இரு தரப்பும் சமாதானமாகப் போய்விட்டோம், எங்களுக்கு மேல் நடவடிக்கை எதுவும் வேண்டாம்." அதைக் காட்டித்தான் ஸ்டேஷனில் மனுவை முடிப்பார்கள். எஃப்.ஐ.ஆர். இல்லாமல் கிளெய்ம் கேஸ் நடத்துவது ஒரு காலில் மலை ஏறுகிற மாதிரி. இன்னொன்று, வேனுக்கு இன்சூரன்ஸ் உயிரோடு இருந்தால் இழப்பீடு ஓனர் சட்டைப்பையிலிருந்து வரப்போவதே இல்லை, கம்பெனிதான் கட்டும். பாதிப் பேருக்கு இது தெரியாது, ஓனர்களுக்கும்தான். அவர் பயப்படுவது வண்டியை ஸ்டேஷனில் போட்டுவிடுவார்கள், டிரைவர் கோர்ட்டுக்கு அலைய வேண்டும் என்பதற்காக. அதைப் பக்குவமாக எடுத்துச் சொன்னால் பல ஓனர்கள் பாலிசி காப்பியை அவர்களே கொடுத்துவிடுவார்கள். கொடுக்காவிட்டாலும் அரசின் எம்பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டால் இன்சூரன்ஸ் எதுவரை இருக்கிறது என்று தெரிந்துவிடும். இன்று ராத்திரியே பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

நான் வக்கீல். முதல் ஆறு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனி தரப்பில் ஆஜரானேன், இப்போது மனுதாரர் தரப்பில். அந்தப் பக்கம் இருந்தபோது கேஸ் கட்டு கையில் வந்ததும் நான் முதலில் புரட்டியது எஃப்.ஐ.ஆரை இல்லை, ஏ.ஆர். காப்பியைத்தான். ஆஸ்பத்திரியில் ஆளைக் கொண்டுவந்து போட்ட நேரத்தில் டியூட்டி டாக்டர் எழுதும் ஆக்ஸிடென்ட் ரிஜிஸ்டர் அது. எத்தனை மணிக்கு வந்தார், யார் கூட்டி வந்தார், எங்கே எப்படி அடிபட்டது, மது வாடை இருந்ததா, எல்லாம் ஒரே பக்கத்தில், அவசரக் கையெழுத்தில் இருக்கும்.

ஒரு கேஸ் சொல்கிறேன். அடிபட்டவரைத் தூக்கி வந்தவர் அவருடைய மைத்துனர். பதற்றத்தில் டாக்டரிடம் "வண்டியிலிருந்து விழுந்துட்டாருங்க" என்று சொல்லிவிட்டார். டாக்டர் அதை அப்படியே, இருசக்கர வாகனம் சறுக்கி விழுந்ததாக எழுதிவிட்டார். லாரி இடித்தது உண்மை, பார்த்த சாட்சியும் உண்டு. ஆனால் எஃப்.ஐ.ஆர். போட்டது ஒன்பதாவது நாள். கூண்டில் நின்ற அந்த மைத்துனரிடம் நான்தான் குறுக்கு விசாரணையில் கேட்டேன்: "டாக்டரிடம் லாரி என்ற வார்த்தையையே நீங்கள் சொல்லவில்லை, சரிதானே?" சரி என்றார், வேறு என்ன சொல்வார். முதல் கோர்ட்டில் மனு தள்ளுபடி. பிறகு ஹைகோர்ட்டில் அது மாறியது என்று கேள்விப்பட்டேன், ஆனால் அதற்குள் எத்தனை வருஷம் போய்விட்டது. எனக்கு இன்றும் உறுத்துகிற கேஸ் அது.

அதனால் உங்கள் முதல் வேலை ஏ.ஆர். காப்பி. தனியார் ஆஸ்பத்திரி என்றாலும் விபத்துக் கேஸ் என்றால் ரிஜிஸ்டரில் எழுதி ஸ்டேஷனுக்குத் தகவல் அனுப்பியிருப்பார்கள். முதலில் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய் முதலுதவி எடுத்துவிட்டு இங்கே வந்திருந்தால், அந்த முதல் ஆஸ்பத்திரி ஏ.ஆர்.தான் முக்கியம். "அடையாளம் தெரியாத வாகனம்" என்று அதில் இருந்து, பிறகு எஃப்.ஐ.ஆரில் திடீரென்று வேன் நம்பர் முளைத்தால் கம்பெனி உடனே "வண்டியைச் சொருகிவிட்டார்கள்" என்று ஆரம்பிக்கும். பொய் கிளெய்ம்கள் ஏராளமாகப் பிடிபட்டிருப்பதால் நீதிபதிகளும் இந்த வாதத்தைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள். பாதிக்கப்படுவது உண்மையாக அடிபட்டவன்.

அடுத்தது எஃப்.ஐ.ஆர். இரண்டு மாதமாக சி.எஸ்.ஆரோடு நிற்பது சரியில்லை. மறுபடி ஸ்டேஷனுக்குப் போய் எழுத்தில் புகார் கொடுங்கள், வேன் நம்பரோடு. அசையவில்லை என்றால் அதே புகாரைப் பதிவுத் தபாலில் மாவட்ட எஸ்.பி.க்கு (நகரம் என்றால் கமிஷனருக்கு) அனுப்பி, அக்னாலெட்ஜ்மென்ட் அட்டையைப் பத்திரமாக வையுங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப் போடலாம், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸில் 173(4), 175(3) பிரிவுகள் அதற்குத்தான். தாமதமாகப் போட்ட எஃப்.ஐ.ஆர். என்பதாலேயே கிளெய்மைத் தள்ள முடியாது என்று 2011-இல் ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அடிபட்டவன் உயிரைக் காப்பாற்ற ஓடுவானா, ஸ்டேஷனுக்கு ஓடுவானா என்பதுதான் அதன் சாரம். ஆனால் தாமதத்துக்குக் காரணம் சொல்லும்படி இருக்க வேண்டும். உங்கள் சி.எஸ்.ஆர். ரசீதின் தேதி அந்த வேலையைச் செய்யும், தொலைத்துவிடாதீர்கள்.

கெடு விஷயத்துக்கு வருகிறேன். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். 2022 ஏப்ரல் 1 முதல் அது அமலில் இருக்கிறது. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, காலம் கடந்தது என்பதற்காக மட்டும் மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று 2025 நவம்பரில் ஓர் இடைக்கால உத்தரவும் வந்தது. அதை நம்பி உட்காராதீர்கள். உங்களுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது, அது தாராளம். வட்டி பெரும்பாலும் மனுப் போட்ட தேதியிலிருந்துதான் கணக்கு, நம் ஊரில் வழக்கமாக 7.5 சதவீதம் போடுகிறார்கள். தள்ளிப்போட்டால் அதுவும் நஷ்டம்.

மனுவை விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்று இல்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரின் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலும் போடலாம். சென்னை என்றால் சிறு வழக்குகள் நீதிமன்றம், மற்ற இடங்களில் மாவட்ட நீதிமன்றமோ சார்பு நீதிமன்றமோ இதைப் பார்க்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-வது பிரிவு மனு, எம்.சி.ஓ.பி. (மோட்டார் விபத்து இழப்பீட்டு மனு) என்று நம்பர் விழும். டிரைவர், ஓனர், இன்சூரன்ஸ் கம்பெனி மூவரையும் சேர்ப்பது வழக்கம்.

இதற்கு இணையாகப் போலீசுக்கும் ஒரு கடமை இருக்கிறது, பலருக்கும் தெரியாது. 2022 விதிகளின்படி விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கை, 90 நாளுக்குள் விரிவான விபத்து அறிக்கை தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். அந்த விரிவான அறிக்கையையே தீர்ப்பாயம் இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ளலாம். காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. எஃப்.ஐ.ஆரே போடாத இடத்தில் அறிக்கை எங்கே வரப்போகிறது, அதனால் தனியாக மனுவும் போட்டுவிடுங்கள். எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகு விபத்து நடந்த இடத்தின் மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, காயச் சான்றிதழ், குற்றப்பத்திரிகை எல்லாம் தேவைப்படும். விபத்து வழக்கு ஆவணங்களைத் தமிழ்நாடு காவல் துறையின் இணையச் சேவைப் பக்கத்திலேயே பணம் கட்டி இறக்கிக்கொள்ள வசதி இருக்கிறது, ரைட்டர் மேஜை முன்னால் நிற்க வேண்டாம்.

இப்போது எவ்வளவு கிடைக்கும் என்ற கதை. உங்கள் கேள்வியிலேயே ஒரு வரி எனக்குப் பட்டது: "டாக்டர் எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்கிறார், ஆனால் அவனால் குத்துக்காலிட்டு உட்கார முடியவில்லை." இந்த ஒரு வரிதான் உங்கள் கேஸ். கோர்ட் காலுக்கு விலை போடுவதில்லை, அந்தக் காலை வைத்து அவர் சம்பாதித்த சம்பாத்தியத்துக்குத்தான் போடுகிறது. 2010-இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: உடலில் எத்தனை சதவீத ஊனம் என்பது வேறு, அதனால் சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் போனது என்பது வேறு. இடது கை போன டிரைவருக்கோ தச்சருக்கோ பிழைப்பே போய்விடும், அதே கை போன குமாஸ்தாவுக்கு வேலை அப்படியே இருக்கலாம். டைல்ஸ் ஒட்டுகிறவர் நாள் முழுக்கக் குத்துக்காலிட்டும் முழங்கால் போட்டும்தான் வேலை செய்கிறார். முட்டி 90 டிகிரிக்கு மேல் மடங்கவில்லை என்றால் ஏ.சி. ரூமில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு அது தொந்தரவு, உங்கள் தம்பிக்கு அது தொழில் நாசம்.

கணக்கில் இது எவ்வளவு வித்தியாசம் செய்யும் என்று பாருங்கள். மருத்துவச் சான்று 30 சதவீதம் என்று வருவதாக வைத்துக்கொள்வோம். நம் தீர்ப்பாயங்களில் ஒரு பழைய குறுக்குவழி உண்டு, ஒரு சதவீதத்துக்கு இத்தனை ரூபாய் என்று பெருக்கிக் கொடுத்துவிடுவார்கள். 5,000 ரூபாய் என்று போட்டால் 1,50,000. அவ்வளவுதான். இதையே வருமான இழப்பாக, பெருக்கல் முறையில், அதாவது வருஷ வருமானத்தை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்கிப் போட்டால்? மாத வருமானம் 15,000 என்று கோர்ட் ஏற்றுக்கொண்டால், 40 வயதுக்குக் குறைந்த, சொந்தத் தொழில் செய்பவருக்கு எதிர்கால உயர்வாக 40 சதவீதம் கூட்ட வேண்டும் (2017 பிரணய் சேத்தி தீர்ப்பு). ஆக 21,000. வருஷத்துக்கு 2,52,000. 26 முதல் 30 வயதுக்குப் பெருக்கு எண் 17 (2009 சரளா வர்மா தீர்ப்பு), ஆக 42,84,000. அதில் 30 சதவீதம் 12,85,200. ஒரே கால், ஒரே சான்றிதழ், ஒன்றரை லட்சத்துக்கும் கிட்டத்தட்ட பதின்மூன்று லட்சத்துக்கும் உள்ள வித்தியாசம். மரண வழக்குகளில் மட்டும்தான் எதிர்கால உயர்வு உண்டு என்று எதிர்த்தரப்பு சொல்லும். காயம் பட்டவருக்கும் உண்டு என்று 2020-இல் பப்பு தேவ் யாதவ் வழக்கில் முடிவாகிவிட்டது. கை இழந்த ஓர் இளம் டேட்டா என்ட்ரி ஆபரேட்டரின் வழக்கு அது.

இந்தப் பதின்மூன்று லட்சம் அப்படியே வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அவர் டைல்ஸ் வேலைதான் செய்தார், இனி அதைச் செய்ய முடியாது என்ற இரண்டையும் நிரூபித்தால்தான் கோர்ட் பெருக்கல் முறைக்கு வரும். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். மனுவில் "கூலி வேலை, மாதம் 25,000" என்று ஒரு வரி எழுதி, மனுதாரரை மட்டும் கூண்டில் ஏற்றி இறக்கிவிடுவார்கள். "கூலி" என்று எழுதவே எழுதாதீர்கள், "டைல்ஸ் பதிக்கும் தொழிலாளி" என்று எழுதுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருந்தால் அது முதல் தர ஆதாரம், ஆனால் விபத்துக்கு முன்னால் எடுத்ததாக இருக்க வேண்டும். மேஸ்திரியோ கான்ட்ராக்டரோ ஜி-பேயில் கூலி போட்டிருப்பார், விபத்துக்கு முந்தைய ஒரு வருஷ வங்கி ஸ்டேட்மென்ட்டை எடுங்கள். கான்ட்ராக்டர் பாக்கெட் நோட்டில் எழுதும் ஆள் கணக்குகூடச் சாட்சிதான், அவர் கோர்ட்டுக்கு வந்து "ஆமாம், என்னிடம்தான் வேலை பார்த்தார், இப்போது கூப்பிடுவதில்லை, குனிந்து உட்கார முடியவில்லை" என்று பத்து நிமிஷம் சொன்னால் போதும். அவர் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வர வேண்டுமே என்று தயங்குவார், இப்போதிலிருந்தே பேசி வையுங்கள். தம்பியின் பழைய போனில் வேலை செய்கிற இடத்தில் எடுத்த போட்டோக்கள் இருக்கும், அதையும் அழிக்காதீர்கள்.

ஊனச் சான்று பற்றி ஒரு வார்த்தை. கோர்ட் வாசலில் சான்றிதழ் எழுதிக் கொடுக்கிற டாக்டர்கள் உண்டு, சிகிச்சையே கொடுக்காமல் 55 சதவீதம் என்று எழுதுவார்கள். நீதிபதிக்கு அந்தக் கையெழுத்தே பழக்கமாகி, பார்த்ததும் பாதியாகக் குறைப்பார். அதைவிடத் தீர்ப்பாயத்தின் மூலமாகவே அரசு மருத்துவமனை மெடிக்கல் போர்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். சதவீதம் குறைவாக வந்தாலும் அது நிற்கும். போகும்போது பழைய எக்ஸ்ரே, புதிய எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் கொண்டுபோங்கள். முட்டி எவ்வளவு மடங்குகிறது, கால் நீளம் குறைந்திருக்கிறதா என்று அளந்து எழுதச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை. காயம் ஓரளவு ஆறி நிலைத்த பிறகு போவதுதான் நல்லது, பிளேட்டோடு தாங்கித் தாங்கி நடக்கிற இந்த இரண்டாவது மாதத்தில் அவசரப்பட வேண்டாம்.

பில்களை இன்றே போட்டோ எடுத்துவிடுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கொடுக்கிற அந்த வழவழ ரசீது இரண்டு வருஷத்தில் வெள்ளைத் தாளாகிவிடும், கேஸ் அதற்கு மேலும் ஓடும். முதல்வர் காப்பீட்டிலோ, முதல் 48 மணி நேர இலவசச் சிகிச்சைத் திட்டத்திலோ கொஞ்சம் செலவு போயிருந்தால் அந்தப் பகுதிக்குப் பில் இருக்காது, பரவாயில்லை. மற்ற தலைப்புகள் இருக்கின்றன: வலி வேதனை, போக்குவரத்து, சத்துணவு, உடன் இருந்து கவனித்தவருக்கான செலவு, சிகிச்சைக் காலத்தில் போன வருமானம், பின்னால் பிளேட் எடுக்க ஆகப்போகும் ஆபரேஷன் செலவு. கடைசியாகச் சொன்னதற்கு ஆஸ்பத்திரியிலிருந்து மதிப்பீடு எழுதி வாங்குங்கள். உடன் இருந்தது அம்மாதானே, அவருக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள் என்று நினைக்க வேண்டாம், வீட்டு ஆள் பார்த்துக்கொண்டாலும் அந்தத் தலைப்பில் கேட்கலாம்.

லைசென்ஸ் காலாவதி ஆனதற்கு இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது தனிக் குற்றம், அதற்கு அபராதம் உண்டு. ஆனால் அதனாலேயே விபத்தில் அவருக்கும் பங்கு என்று சொல்ல முடியாது என்று 2008-இல் சுதிர்குமார் ராணா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஹெல்மெட் போடாமல் இருந்திருந்தாலும் அப்படித்தான், அடிபட்டது காலில், தலையில் இல்லை. மறைக்க மட்டும் மறைக்காதீர்கள். ஒரு பொய் பிடிபட்டால் மற்ற பத்து உண்மையும் சேர்ந்து சாயும். பக்கத்துத் தெருவிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறிய வண்டி என்பதால் வேன் பக்கத் தவறு வரைபடத்திலேயே தெரியும். மூலையில் கடை எதிலாவது கேமரா இருந்ததா? இரண்டு மாதத்தில் பதிவு அழிந்திருக்கும், இருந்தாலும் ஒரு தடவை போய்க் கேளுங்கள்.

வேனுக்கு இன்சூரன்ஸ் இல்லை என்றால் கதை வேறு, ஓனர்தான் கட்ட வேண்டும், அவரிடம் வசூலிப்பது பாடு. இன்சூரன்ஸ் இருந்து டிரைவருக்கு லைசென்ஸ் இல்லை என்பது போன்ற பிரச்சினை என்றால், கம்பெனியை முதலில் கட்டச் சொல்லி, பிறகு ஓனரிடம் வசூலித்துக்கொள்ளச் சொல்வது கோர்ட்டுகளில் நடைமுறை. உங்களுக்குப் பணம் வந்துவிடும். (அரசு பஸ் இடித்திருந்தால் போக்குவரத்துக் கழகமே கட்ட வேண்டும். கட்டாமல் இழுத்து, கோர்ட் அமீனா பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பஸ்ஸை ஜப்தி செய்கிற செய்தியைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள், அது இந்தக் கேஸ்களில்தான்.)

வக்கீல் விஷயம். ஆஸ்பத்திரி வார்டுக்கே வந்து "நாங்க எல்லாம் பாத்துக்கறோம், வெறும் பேப்பர்ல கையெழுத்து மட்டும் போடுங்க" என்று சொல்கிற புரோக்கர்களை விரட்டுங்கள். வருகிற பணத்தில் இத்தனை சதவீதம் என்று வக்கீல் ஃபீஸ் பேசுவது பார் கவுன்சில் விதிப்படியே கூடாது. ஊரெல்லாம் அப்படித்தான் நடக்கிறது என்பது எனக்கும் தெரியும், என் சகாக்கள் என்னைத் திட்டப்போகிறார்கள். ஆனால் கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது. கையில் காசே இல்லை என்றால் கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், தகுதி இருந்தால் இலவசமாக வக்கீல் நியமிப்பார்கள்.

நடுவில் லோக் அதாலத்துக்கு (சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) அனுப்புவார்கள். போங்கள், கம்பெனி என்ன தொகை சொல்கிறது என்றாவது தெரியும். அங்கே ஒப்புக்கொண்டால் அப்பீல் கிடையாது, முடிந்தது முடிந்ததுதான். அதனால் மெடிக்கல் போர்டு சான்று கைக்கு வருவதற்கு முன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், கம்பெனி அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு ரவுண்டுத் தொகை சொல்லும். நானும் சொல்லியிருக்கிறேன். தீர்ப்பு வந்து தொகை குறைவாகத் தோன்றினால் 90 நாளுக்குள் ஹைகோர்ட்டில் சி.எம்.ஏ. என்ற அப்பீல் போடலாம்.

வேன் ஓனர் அடுத்த தடவை வந்தால் சண்டை போடாதீர்கள், டீ கொடுத்து பாலிசி காப்பி மட்டும் கேளுங்கள். தம்பியைத் தினமும் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போங்கள், கேஸுக்காகக் காலை மடக்காமல் வைத்திருக்கச் சொல்கிற ஆட்களும் இருக்கிறார்கள், கேட்காதீர்கள். ஏ.ஆர். காப்பி கைக்கு வந்ததும், எப்படி அடிபட்டது என்ற இடத்தில் டாக்டர் என்ன எழுதியிருக்கிறார் என்று ஒரு எழுத்து விடாமல் எனக்கு எழுதுங்கள். மனுவை எப்படி எழுதுவது என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.